பரணில் கிடக்கும் சிப்பாய்

என் அத்தை வீட்டுக் கொலுவில் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு காவலர் உண்டு. விளாச்சேரியில் வாங்கிய களிமண் யானையின் முழங்காலுக்கு மேல் அவர் வளரவில்லை. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். பச்சைச் சட்டை, பெயிண்ட் தேய்ந்து பாதியாகிவிட்ட மீசை, துப்பாக்கி தொலைந்துபோனதால் கையில் ஒரு ஈர்க்குச்சி. ஆண்டுக்கு ஒன்பது நாள் பணி, மற்ற நாளெல்லாம் பரணில் ஓய்வு. 90களில் மதுரை மாசி வீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் மாமா வாங்கிக்கொடுத்த ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்க ராணுவ வீரர் பொம்மை அது. இப்படிப்பட்ட ஆளைத் தேடி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே இருபது வருடம் ஆயிற்று.

கை கால் மூட்டுகள் அசையும் பொம்மைகளான பழைய ராணுவ ஆக்‌ஷன் ஃபிகர்களைச் சேகரிக்க வேண்டும், அவற்றைப் பற்றி விமர்சனம் எழுதவும் வேண்டும் என்று ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைத் தளத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே விலையைப் பார்த்ததும் ஆசை பாதியில் நின்றுவிடும். நான் சொல்வது வேறு. ஏணியை எடுத்துப் பரணில் ஏறுங்கள். ஏறி இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை இவை.

முதல் படி: வம்சாவளி தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-இல் ஜி.ஐ. ஜோவைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அதைப் பொம்மை என்று சொல்ல அஞ்சியது. பையன்கள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்று அந்த ஊரில் ஒரு நினைப்பு. அந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயர். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. மரப்பாச்சியும் பொம்மை, சிப்பாயும் பொம்மை. பின்னாளில் இறக்குமதி வரி வழக்கு ஒன்று வந்தது. இது பொம்மை அல்ல, விளையாட்டுச் சிப்பாய் என்று நிறுவனம் வாதாடியது. 1989-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பொம்மைதான் என்று தீர்ப்பளித்தது. நம் அத்தைமார் அதை எப்போதோ முடிவுசெய்து கொலுவில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வம்சத்தில் இரண்டு கிளைகள். மூத்த கிளை பெரியது. பன்னிரண்டு அங்குலம் என்பார்கள், அளந்தால் பதினொன்றரை. துணியில் தைத்த உடை, அசையக்கூடிய 21 பாகங்கள், வலது கன்னத்தில் ஒரு தழும்பு. தரைப்படை, கடற்படை, மரைன், விமானி என நான்கு வகையாக வந்தது. 1966-இல் ஜெர்மன், ஜப்பான், ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா என ஆறு நாட்டு வீரர்கள் சேர்ந்தார்கள். 1967-இல் வந்த செவிலியர் பொம்மையைப் பையன்களும் வாங்கவில்லை, பெண் பிள்ளைகளும் வாங்கவில்லை. அன்று விலைபோகாத காரணத்தாலேயே இன்று அதற்கு எட்டாத விலை.

அதே 1966-இல் இங்கிலாந்தின் பாலிடாய் நிறுவனம் ஹாஸ்ப்ரோவிடம் உரிமம் வாங்கி ‘ஆக்‌ஷன் மேன்’ என்ற பெயரில் அதே உடம்பை வெளியிட்டது. 1970-இல் தலைக்குப் பஞ்சுபோன்ற முடி வந்தது, 1973-இல் பொருளைப் பற்றிக்கொள்ளும் மென்மையான கை வந்தது, 1976-இல் பின்னந்தலையில் உள்ள சிறு நெம்பை நகர்த்தினால் இடமும் வலமும் திரும்பும் கண்கள் வந்தன. 1984-இல் நிறுத்தினார்கள். உங்கள் கையில் இருக்கும் ஆக்‌ஷன் மேன் எந்தக் காலத்தது என்பதை முடி, கை, கண் மூன்றையும் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இளைய கிளை 1982-இல் பிறந்தது. கென்னர் நிறுவனம் 1978-இல் விண்வெளிப் படம் ஒன்றுக்காக மூன்றே முக்கால் அங்குலத்தில் பொம்மைகள் செய்து பெரும் வெற்றி கண்டிருந்தது. உருவம் சிறியதானால் அது ஏறிக்கொள்ள ஜீப், டாங்கி, விமானம் என்று வரிசையாக விற்கலாம் அல்லவா? ஜி.ஐ. ஜோவும் அந்த உயரத்துக்கு இறங்கியது. ஒவ்வொருவரையும் ஒட்டி விற்ற அட்டையின் பின்புறம் பெயர், ஊர், படைப்பிரிவு, குணம் என்று ஒரு குறிப்பு. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. அமெரிக்காவில் இந்த வரிசை 1994-இல் முடிந்தது.

முடிந்தது அங்கேதான். இங்கே முடியவில்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், கோவாவில் உள்ள தொழிற்சாலையில் ஹாஸ்ப்ரோவின் பழைய அச்சுகளைக் கொண்டு ஜி.ஐ. ஜோக்களை வார்த்தது. அச்சு அமெரிக்காவினுடையது, பிளாஸ்டிக்கும் பெயிண்டும் நம்முடையவை. அதனால் அமெரிக்கப் பிள்ளைகள் கண்டே இராத நிறச் சேர்க்கைகள் இங்கே உருவாயின. ஒரே சிப்பாய் ஒரு தடவை வார்த்தபோது ஒரு பச்சை, அடுத்த தடவை வேறு பச்சை. எங்களுக்கு அது சாதாரணக் கடைச் சரக்கு, வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அது ‘இந்திய வகை’. மதுரையில் தொடங்குபவர் இந்த இளைய கிளையின் இந்தியப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இரண்டாம் படி: தேடுங்கள்

தேடலுக்குப் பருவம் உண்டு. புரட்டாசி அமாவாசைக்கு முந்தைய பத்து நாட்களில் ஊரெல்லாம் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கும். சாமி பொம்மைகளுக்கு நடுவே, ‘பார்க்’ கட்டுவதற்கென்று பிள்ளைகள் போட்டுவைத்த கார், மாடு, சிப்பாய் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். உறவுக்காரர் வீடுகளுக்குப் பெட்டி இறக்க உதவிக்குப் போங்கள். கூலியாக அந்த டப்பாவைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

அடுத்தது காயலான் கடை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய்விட்டாலும் வீடு காலி செய்பவர்களின் பிளாஸ்டிக் சாமான் இன்றும் எடைக்குத்தான் வருகிறது. கடைக்காரரிடம் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று சொன்னால் புரியாது. ஒரு சிப்பாயைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கை, கால், துப்பாக்கி என்று தனித்தனியாகக் கிடந்தாலும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை தண்ணீர்க் குழாய்த் துண்டுகளுக்கு நடுவிலிருந்து மூன்று கால்களும் ஒரு முதுகுப்பையும் வந்தன. அந்தப் பை இன்று யார் முதுகில் இருக்கிறது என்று என் நோட்டில் உண்டு.

பழைய பேன்சி ஸ்டோர்களின் மச்சில் விற்காமல் தங்கிய அட்டைகள் இருக்க வாய்ப்புண்டு. முதலாளியின் மகன் கடையைச் சீரமைக்கும் நேரம்தான் நல்ல நேரம். சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது பையில் அடைத்து விற்கும் பெயரில்லாப் பச்சைச் சிப்பாய்களையும் ஒதுக்க வேண்டாம். ஆக்‌ஷன் ஃபிகர் கணக்கில் அவை சேராது, மூட்டே கிடையாது. ஆனாலும் எந்த வருடத்து அழகர் திருவிழாவில் வாங்கியது என்று பையின் மேல் எழுதிவைத்தால் முப்பது வருடம் கழித்து அதுவும் ஓர் ஆவணம்.

கையில் ஒரு நாள் இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்வரலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருட்கள் விற்கும் தெரு. பீங்கானும் எனாமல் பாத்திரமும்தான் அதிகம். அதிர்ஷ்டம் இருந்தால் மூலையில் ஈயச் சிப்பாய் கிடைக்கும். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடாக வார்த்த 54 மில்லிமீட்டர் வீரர்கள் அந்த இனம். 1966-இல் ஈய வார்ப்பை நிறுத்திவிட்டார்கள். தொட்டால் கையைக் கழுவ வேண்டும், குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. புது பிளைவுட் அலமாரியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளையாகப் பூத்து உதிரும். அது வேறு உலகம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். மதிப்புத் தெரியாத ஒருவரிடம் வாங்கும்போது மதிப்பைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். மதுரையில் எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். விஷயம் ஒருநாள் திரும்பி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும்.

மூன்றாம் படி: பூதக்கண்ணாடியை எடுங்கள்

புதியவர்கள் விழும் முதல் குழி ஆண்டு. நானும் விழுந்தேன். இணையத்தில் ஒருவர் பொம்மையின் இடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தைப் பெரிதாகப் படம்பிடித்துப் போட்டிருந்தார். ஹாஸ்ப்ரோ, 1980களின் ஆண்டு ஒன்று. கேட்ட விலையைக் கொடுத்தேன். வந்தது நான் பள்ளிக்குப் போன காலத்தில் உள்ளூர்க் கடையில் தொங்கிய அதே சரக்கு. அவர் பொய் சொல்லவில்லை. பொம்மையில் பொறித்திருப்பது அந்த உருவத்துக்குப் பதிப்புரிமை எடுத்த ஆண்டு, வார்த்த ஆண்டு அல்ல. அச்சு ஊர் மாறிப் போனாலும் ஆண்டு அதோடேயே போகும். பாலிடாயின் ஆக்‌ஷன் மேன் முதுகிலும் 1964 என்றுதான் இருக்கும். அந்தப் பொம்மையே 1966-இல்தான் பிறந்தது, எழுபதுகளில் வார்த்ததும் அதே எண்ணைச் சுமந்து வரும்.

ஆகவே ஆண்டை விட்டுவிட்டு உடம்பைப் படியுங்கள். பெரிய ஜி.ஐ. ஜோ என்றால் வலது பிட்டத்தில் உள்ள எழுத்தில் காப்புரிமை எண் இருக்கிறதா என்று பாருங்கள். 3,277,602 என்ற எண் 1966 அக்டோபரில்தான் வழங்கப்பட்டது. எண் இருந்தால் அதற்குப் பிந்தையது. காப்புரிமை நிலுவையில் இருப்பதாக எழுதியிருந்தால் முந்தைய வார்ப்பு. பிறகு வலது கட்டைவிரலைத் திருப்புங்கள். நகம் மேல்பக்கம் இருக்காது, உள்பக்கம் இருக்கும். செதுக்கும்போது நேர்ந்த பிழை அது. போலிகளைப் பிடிக்க உதவும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பார்த்துக் காப்பியடித்தவர்கள் அந்தப் பிழையையும் சேர்த்தே அடித்து மாட்டிக்கொள்வார்கள் என்ற கணக்கு.

சின்ன ஜோவுக்கு முழங்கைக்குச் சற்று மேலே புஜத்தைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். 1982-இல் வந்த முதல் தொகுதிக்கு அந்த இடம் திரும்பாது. அடுத்த ஆண்டிலிருந்து திரும்பும். நிறம் பழக்கமில்லாததாக இருந்தால், பெயிண்ட் கொஞ்சம் கனமாகப் பட்டிருந்தால், கோவா வார்ப்பாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். சந்தேகம் மட்டும்தான். அட்டை கிடைத்தால் ஃபன்ஸ்கூல் பெயர் அதில் இருக்கும், அதுதான் சாட்சி.

பிறகு சேதம். கட்டைவிரல் இரண்டும் முழுதாக இருக்கின்றனவா? துப்பாக்கியை அழுத்திச் செருகி உடைந்த விரல்கள்தான் இந்த உலகில் அதிகம். இரு கால்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய பாகத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதா? விரிசலின் முதல் அறிகுறி அது. முழங்கை மூட்டின் ஆணியைச் சுற்றிப் பிளவு உண்டா? மூக்கு நுனி, முழங்கால், மார்பு ஆகிய மூன்று இடங்களில் பெயிண்ட் முதலில் போகும். அங்கே மட்டும் பளபளவென்று இருந்தால் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள்.

ஆக்‌ஷன் மேன் கிடைத்தால் பற்றும் கையின் விரல்களை நிமிர்த்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஐம்பது வருட ரப்பர் அப்பளம் மாதிரி. பஞ்சு முடியில் தண்ணீர் படக்கூடாது. பேசும் வகையானால் கயிற்றை இழுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு இசைத்தட்டும் சுருள்வில்லும் உங்களைவிட வயதானவையாக இருக்கக்கூடும்.

நான்காம் படி: ரப்பர் வளையம் மாற்றுதல்

பரணிலிருந்து இறங்கும் சின்ன ஜோக்களில் பாதிப் பேர் இடுப்பொடிந்துதான் வருவார்கள். தூக்கினால் கால்கள் தனியாகத் தொங்கும், அல்லது தரையில் விழும். பயப்பட வேண்டாம். மார்பையும் இடுப்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். நம் வெப்பத்தில் அது இறுகி நொறுங்கிவிடும், அல்லது கூழாகிவிடும்.

பொம்மைக் கடையில் இதைத் தேடாதீர்கள். என் முதல் வளையத்தை மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் வாங்கினேன். உடைந்த வளையத்தின் இரு துண்டுகளையும் தாளில் மடித்துக் கொண்டுபோனேன். கடைக்காரர் துண்டுகளை விரலில் சுற்றி அளவு பார்த்து, “இது எந்த பம்புக்கு?” என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து இடுப்பில்லாத சிப்பாயை எடுத்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மார்புக்குள் எட்டிப் பார்த்து, ஓ-ரிங் தட்டை இழுத்து, மூன்று அளவுகளை எடுத்து வரிசையாக மேசையில் போட்டார். “நடுவில் உள்ளது சரியாக இருக்கும். இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று அறுந்துவிடும்.” அவர் சொன்னபடியே ஒன்று அறுந்தது.

செய்முறை இது. வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். உருண்டோடும் திருகாணி அதில் நின்றுவிடும். முதுகின் நடுவில் உள்ள திருகாணிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஒரு அளவு சிறியதை வைத்துத் திருகினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும், அதன் பிறகு அதைக் கழற்ற ஆளில்லை. துரு ஏறியிருந்தாலும் எண்ணெய் விடாதீர்கள், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மெதுவாக முன்னும் பின்னுமாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும்.

முதுகை எடுத்ததும் தலையும் இரு கைகளும் தம் இடங்களில் சும்மா கிடக்கும். எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பழைய ரப்பர்த் துணுக்குகளைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். கால்கள் இரண்டையும் இணைக்கும் உலோகக் கொக்கியில் புது வளையத்தை மாட்டி, அதை இடுப்புப் பாகத்தின் துளை வழியாக மேலே இழுத்து, மார்பின் உள்ளே திருகாணி போகும் தூணில் வளையத்தின் மறுமுனையைக் கோத்துவிடுங்கள். கைகளையும் தலையையும் பொருத்தி, முதுகை மூடி, திருகாணியை இறுக்குங்கள். முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கால் சுற்று’ என்ற ஆசையில்தான் மார்பு பிளக்கும்.

இப்போது உட்கார வைத்துப் பாருங்கள். இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வளையம் தளர்வு. நிமிர்த்தியதும் கால்கள் விறைத்து அகலாமல் நின்றால் இறுக்கம் அதிகம். இறுக்கம்தான் ஆபத்து, ஏனென்றால் தளர்ந்தவர் விழுவார், இறுகியவர் உடைவார். துப்பாக்கி மாட்டும்போது கையை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, விரல் இளகிய பிறகு மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

சித்திரை வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும் ஊர். மொட்டை மாடித் தகர அறையும், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் இந்தப் பொம்மைகளுக்கு அடுப்பு. வீட்டில் கீழ்த்தளத்தில், வெளிச்சம் நேராக விழாத, உள்சுவரை ஒட்டிய அலமாரிதான் நல்ல இடம். வெள்ளையும் சாம்பலுமான பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்வோர் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. மஞ்சள் திரும்ப வரும், பெயிண்ட் போனால் திரும்பாது.

அந்துருண்டை போடவே போடாதீர்கள். இது சொந்த அனுபவம். நம் கொலுக் காவலரை ஒரு வருடம் செய்தித்தாளில் சுற்றி, பூச்சி வரக்கூடாதென்று நான்கு அந்துருண்டையோடு டப்பாவில் அடைத்தது நான்தான். அடுத்த நவராத்திரிக்கு எடுத்தபோது தாள் மார்போடு ஒட்டியிருந்தது. நாப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளின் மேல்பரப்பை இளக்கிவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உரித்தபோது பச்சைச் சட்டையில் ஒரு நகைக்கடை விளம்பரத்தின் இரண்டு எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. ‘கிரா’ என்று இன்றும் படிக்கலாம். செய்கூலி சேதாரத்தில் ‘கிராம்’ ஆக இருந்திருக்க வேண்டும்.

பூச்சிக்குப் பயந்தால் வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடுங்கள், பொம்மை மேல் படாமல். அட்டைக்கும் துணி உடைக்கும் ராமபாணப் பூச்சி வரும், அதற்கு மாதம் ஒருமுறை திறந்து தட்டிப் பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை. பட்டுச்சேலை வரும் பளபளப்பான பி.வி.சி. உறைகளில் போட்டால் ஒட்டும். உணவுப் பொருள் கட்டும் பாலித்தீன் உறை போதும். ரப்பர் டயரோ மென்மையான பூட்ஸோ கெட்டியான பிளாஸ்டிக்கைத் தொட்டபடி பல மாதம் இருந்தால் தொட்ட இடத்தில் உருகிக் குழியாகும். ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். துணி உடையைக் கொஞ்சம் ஷாம்பூ கலந்த குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உலோகப் பட்டன்களை உடனே துணியால் ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துருக்கறை படியும்.

ஆறாம் படி: எழுதுங்கள்

சேகரிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் எழுதுவதில்லை. எழுதுபவர்களில் பலர் ‘அருமையான பொம்மை, நல்ல நிலையில் உள்ளது’ என்று முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. விமர்சனத்தில் இரண்டு விஷயங்களைக் கலக்கவே கூடாது. ஒன்று, அந்த வகைப் பொம்மை எப்படிப்பட்டது: செதுக்கல், மூட்டு, நிறம், கூட வந்த சாமான். மற்றொன்று, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பொம்மையின் நிலை. உங்கள் பொம்மைக்குக் கட்டைவிரல் இல்லை என்பது செதுக்கியவரின் குற்றம் ஆகாது.

என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு: ‘பச்சைச் சட்டை ஜோ. அட்டை இல்லை. உயரம் மூன்றே முக்கால். புஜம் திரும்புகிறது. கட்டைவிரல்கள் முழுது. மீசை பாதி. இடது முழங்காலில் பெயிண்ட் போயுள்ளது. மார்பில் அச்செழுத்து, என் தவறு. ரப்பர் வளையம் பம்ப் கடையில் வாங்கியது. துப்பாக்கி இல்லை, ஈர்க்குச்சி உண்டு.’ இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் உலகின் எந்த மூலையில் உள்ள சேகரிப்பாளரும் இதைப் படித்தால் பொம்மையைக் கையில் பிடித்துப் பார்த்த மாதிரி. சேகரிப்பாளர்கள் நிலையைக் குறிக்க சி1 முதல் சி10 வரை ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், சி10 என்றால் கடைப் புதிது. எண்ணைப் போடுங்கள், ஆனால் எண்ணை மட்டும் போடாதீர்கள். ஒருவரின் எட்டு இன்னொருவரின் ஆறு.

மாற்றிய பாகம், மறுபடி பூசிய பெயிண்ட், புதிதாக வார்த்த நகல் துப்பாக்கி எதுவானாலும் எழுதிவிடுங்கள். படத்தைக் காலை ஏழு மணி வெளிச்சத்தில், நிழலில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். நடுப்பகல் வெயில் எல்லாப் பச்சையையும் ஒரே பச்சையாக்கிவிடும், இந்திய வகைகளுக்கு நிறம்தான் உயிர்.

ராணுவப் பொம்மையைப் பற்றி எழுதுவதால் ராணுவம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுவது நல்லது. மதுரையைச் சுற்றிய ஊர்களில் ஓய்வுபெற்ற படைவீரர் இல்லாத தெரு குறைவு. எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் தாத்தா இருந்தார். நண்பர் வீட்டில் கிடைத்த ஆக்‌ஷன் மேனை அவர் கையில் கொடுத்தேன். எழுபதுகளில் லண்டனிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த பொம்மை. தாத்தா முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக பெல்ட்டைப் பார்த்தார். தண்ணீர்க் குடுவையைக் கழற்றி வேறு பக்கம் மாட்டினார், சட்டையின் சுருக்கத்தைப் பின்னுக்கு இழுத்துச் செருகினார், தொப்பியை ஒரு கோதுமை அளவு சாய்த்தார். பிறகு மேசையில் நிறுத்தி, “இப்போது பரேடுக்குப் போகலாம்” என்றார். குடுவை முதலில் எந்தப் பக்கம் இருந்தது, அவர் எந்தப் பக்கம் மாற்றினார் என்ற இரண்டையும் விமர்சனத்தில் எழுதினேன். அந்த ஒரு வரிக்காகவே அதைப் படித்தவர்கள் உண்டு.

ஏழாம் படி: பணம்

வெளிநாட்டிலிருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால், பொம்மை விலையோடு தபால் செலவு, சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி., கூரியர் நிறுவனத்தின் கட்டணம் அனைத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டி வந்த பிறகு கூட்டினால் வயிறு எரியும். 1964-க்கு முன் செய்த மாதிரி ஜி.ஐ. ஜோ ஒன்று 2003-இல் இரண்டு லட்சம் டாலருக்கு ஏலம்போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அத்தை வீட்டு டப்பாவுக்கு விலை போடாதீர்கள். விற்பவரிடம் முதுகு, இடுப்பு, இரு கட்டைவிரல் படங்கள் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். துணைச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதைவிட, உடைந்த நான்கு பொம்மைகளை மொத்தமாக வாங்கி இரண்டைத் தேற்றுவது மலிவு.

ஒவ்வொரு பொம்மைக்கும் எங்கிருந்து, யாரிடம், என்று, எவ்வளவுக்கு என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் நோட்டின் முதல் பக்கம் பச்சைச் சட்டைக்காரருடையது. அதில் வருடா வருடம் ஒரு வரி கூடுகிறது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அத்தை போன் செய்து, “காவலர் எங்கே? யானை தனியாக நிற்கிறது” என்பார். ‘கொலுவுக்கு, பத்து நாள்’ என்று எழுதி, தேதி போட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். துப்பாக்கி இப்போது கிடைத்துவிட்டது. அத்தை அதைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து புதிதாக ஒரு ஈர்க்குச்சி உருவுவார்.